ஈரக்கை

வியாழன்தோறும் நான்கு மணிக்கு
என் கழுத்தில் ஓர் அட்டை ஏறும்:
அப்போண்டி, வழிகாட்டி.
முதல் வாரம் அதைக் கண்ணாடியில்
இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.
முப்பத்தொரு வயது. விற்றுவிட்ட ஒரு கம்பெனி.
என்ன விலைக்கு என்று யாரும் கேட்டதில்லை,
நானும் வாய் திறந்ததில்லை.
கடன் போக மிஞ்சியது
ஒரு மோட்டார் சைக்கிள்.

கிசுமுவில், டயர் கடைக்கு மேல் மாடி.
ஒன்பது லேப்டாப், பன்னிரண்டு நாற்காலி,
மின்சாரம் போனால் இருமத் தொடங்கும் ஜெனரேட்டர்.
நெக்கேசா என்னைவிட மூன்று வயது மூத்தவள்,
வங்கி வேலையை உதறிவிட்டு வந்தவள்.
பக்கத்தில் ஒபுரா,
அவள் யோசிப்பதைக் கோடாக எழுதுகிறவன்.

விடியுமுன் போன் அடிக்கும்;
எந்தத் துறையில் திலாப்பியா என்ன விலை என்று
தோலுவோவில் ஒரு குரல் சொல்லும்.
இருநூற்றுப் பன்னிரண்டு மீன்காரிகள்
அதைக் கேட்டுத்தான் கூடை தூக்கினார்கள்.

நான் கணக்கைப் பார்த்தேன்,
அழைப்புச் செலவைப் பார்த்தேன்.
"குரலை வெட்டு. குறுஞ்செய்தி போதும்" என்றேன்
தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே.

நெக்கேசா "சரி" என்றாள்.
அந்தச் சரியில் ஒரு முள் இருந்தது.
எனக்குப் பசி. விழுங்கிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து
செலவு பாதியானதற்கு
நான்தான் முதலில் கை தட்டினேன்.
ஒபுரா திரையைத் திருப்பிக் காட்டினான்:
இருநூற்றுப் பன்னிரண்டில்
எழுபத்தொன்பது பேர்தான் மிச்சம்.
"நாளைக்கு டுங்கா துறைக்கு வாங்க" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.

ஐந்தரை மணி. ஏரி இன்னும் கறுப்பு.
முழங்கைவரை செதில் அப்பிய பெண்கள்
வயிறு கீறிக் குடல் வழித்துக்கொண்டிருந்தார்கள்.
எல்லார் கழுத்திலும் ஒரு பிளாஸ்டிக் பை,
பைக்குள் போன்.
செய்தி வந்தது. வெளிச்சம் வந்தது. அணைந்தது.
ஒருத்தியும் குனிந்து பார்க்கவில்லை.
அந்தக் கையால்
எந்த எழுத்தைத் திறப்பது?
பிறகு யாரோ வீட்டிலிருந்து அழைத்தார்கள்;
பைக்கு மேலேயே முழங்கையால் ஓர் அழுத்து,
தோளுக்கும் காதுக்கும் நடுவே ஓர் இடுக்கு,
கத்தி நிற்கவேயில்லை.

ரிஸ்பர் என்ற பெண் கேட்டாள்:
"நீ யாரு?"
என் கை கழுத்துக்குப் போனது.
அட்டை வீட்டில் இருந்தது.
"விலை சொன்ன குரலை நிறுத்தினவள்" என்றேன்.
"அப்படியா" என்றாள்,
"இந்தக் கூடையை அந்தப் பக்கம் பிடி."
பிடித்தேன். கனம்.

வியாழன் வரும்வரை
சைக்கிள் ஓட்டியபடியே ஒத்திகை பார்த்தேன்.
ஹெல்மெட்டுக்குள் நன்றாகத்தான் வந்தது.
அறையில் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது:
நான் சொன்னது தப்பு.
கரைக்குப் போகாமல் சொன்னேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒருவன் தட்டச்சை நிறுத்தக்கூட இல்லை.

நெக்கேசாதான் பேசினாள்:
"எனக்கு அன்றைக்கே தெரியும்."
"ஏன் சொல்லவில்லை?"
"உன் அட்டையைப் பார்த்தேன்."

அன்றிரவே குரல் திரும்பியது.
பழைய மாற்றம் அழியவில்லை, அழியவும் கூடாது என்றேன்:
பதிவில் கீழே கீழே போனால்
'அப்போண்டி சொன்னபடி குரல் நீக்கம்' என்று
தேதியோடு கிடக்கும்.
புதிதாக வருகிறவர்களுக்கு
ஒபுரா முதலில் அதைத்தான் காட்டுகிறான்,
கொஞ்சம் சிரிப்போடு. எனக்குக் காது சூடாகும்.

எழுபத்தொன்பது இப்போது நூற்று நாற்பது.
மற்றவர்கள் வரவில்லை.
வருவார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

நேற்று ஒரு பையன் கேட்டான்,
முதலீட்டாளரிடம் எத்தனை பங்கு கொடுக்கலாம் என்று.
தெரியாது என்றேன்.
தெரிந்த ஒருத்தியின் எண்ணைக் கொடுத்தேன்.
அவன் முகம் சற்று வாடியது;
வழிகாட்டி என்று நம்பி வந்தவன், பாவம்.

கூடை பிடித்த கையோடு
அன்றைக்கு ஓட்டி வந்த சைக்கிள்.
கைப்பிடி மடிப்பில் ஒரு செதில் இன்னும் இருக்கிறது.
எடுக்கவேண்டும் என்று நினைப்பேன், மறந்துபோகும்.
சிக்னலில் நிற்கும்போது
வெயில் பட்டால் கண்ணைக் குத்தும்.